மரத்துக்கு விலை உண்டு, கூலிநாளுக்கு இல்லை: வேதாரண்யத்தின் உப்புக் கணக்கு

வேதாரண்யம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். மறைக்காட்டுநாதர் கோயில், 1930 உப்புச் சத்தியாகிரகம், கோடியக்கரைப் பறவைகள். மூன்றும் உண்மை, மூன்றும் பெருமைக்குரியவை. ஆனால், இந்த ஊரின் அடுப்பு எரிவது வேறு சில கைகளால். விடியும் முன்பே உப்புப் பாத்தியில் இறங்கும் கைகள், முல்லை மொட்டு விரிவதற்குள் பறித்து முடிக்கும் கைகள், கரையில் கருவாடு காயவைக்கும் கைகள். இவற்றில் பெரும்பாலானவை சொந்த நிலமில்லாத கைகள். கணிசமானவை காலனித் தெருக்களிலிருந்து வருபவை.

இந்த வாரம் நாம் வேதாரண்யத்தின் மண், நீர், தொழில் பற்றிப் பேசப்போகிறோம். அதோடு ஒரு கேள்வியையும் வைக்கப்போகிறோம். புயலோ கடலோ வந்து அடித்த பிறகு இந்த ஊரில் இழப்புக் கணக்கு எழுதப்படுகிறதே, அதில் கூலிக்காரரின் இழப்பு எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது?

மணலும் உவரும்

தமிழகக் கடற்கரை வடக்கிலிருந்து ஏறக்குறைய நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. இந்த இரண்டு கடல்களும் சந்திக்கும் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது வேதாரண்யம். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீண்டு கிடக்கிறது பெரிய சதுப்பு நிலம். வடக்கே காவிரிப் படுகையின் கடைமடை. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு என்று பெயர் மாறி மாறி வரும் ஆறுகள் இந்தப் பக்கம்தான் கடலைத் தேடுகின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி முதலில் வந்துவிடும். தண்ணீர் கடைசியில்தான் வரும். வராமல் போன ஆண்டுகளும் உண்டு.

ஊர்ப்பெயர்களைப் படித்தாலே இந்த மண்ணின் வரைபடம் கிடைத்துவிடும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் என்று 'புலம்' வருகிறது. கோடியக்காடு என்று 'காடு' வருகிறது. ஆறுகாட்டுத்துறை என்று 'துறை' வருகிறது. தாணிக்கோட்டகம் என்று 'கோட்டகம்' வருகிறது. மணல்மேடு, காடு, கடல்துறை, தாழ்ந்த நெல்வயல் ஆகிய எல்லாமே ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. திருமறைக்காடு என்ற பெயரைக்கூட, மரை என்னும் மான் வாழ்ந்த 'மரைக்காடு' என்பதன் திரிபாகக் கருதும் தமிழறிஞர்கள் உண்டு. அது மறைக்காடாகி, மறை என்றால் வேதம் என்று பொருள்கொண்டு, வேதாரண்யம் என வடமொழியானது என்பது அவர்கள் கருத்து. கோடியக்காட்டில் இன்றும் வெளிமான்கள் மேய்கின்றன. அவற்றைக் காக்கத்தான் 1967இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002இல் அந்தக் காடும் சதுப்பும் உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்பும் ராம்சார் நிலமாக உலகப் பட்டியலில் சேர்ந்தன.

மணல்மேட்டில் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர். அதனால் இந்த ஊரில் நிலம் என்றால் மேடா பள்ளமா என்பதுதான் முதல் கேள்வி. மேடு கிடைத்தவருக்கு மா, தென்னை, முந்திரி, முல்லை. பள்ளத்திலும் உவரிலும் குடிவைக்கப்பட்டவருக்கு உப்புக் கரிக்கும் கைப்பம்பு. காலனி எங்கே இருக்கிறது, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நிலவியல் பாடமும் சாதிப் பாடமும் ஒரே நேரத்தில் நடக்கும்.

உப்பு விளைவது எப்படி?

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பகுதிகளில் சுமார் 9 ஆயிரம் ஏக்கரில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. தமிழகத்தில் உப்பு என்றால் முதலில் தூத்துக்குடி, அடுத்து வேதாரண்யம். இந்திய அளவில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழகம் இருக்கிறது. வேதாரண்யத்தில் ரசாயன ஆலைகளின் தேவைக்காக நூற்றுக்கணக்கான ஏக்கரில் உப்பெடுக்கும் பெரு நிறுவனங்களும் உண்டு. சில ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பாத்தி கட்டும் சிறு உற்பத்தியாளர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் பாத்தியில் நிற்பவர் ஒருவரே. அவர்தான் கூலித் தொழிலாளி.

உப்பு தானாக விளைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தை, மாசியில் மழைநீரை இறைத்து வெளியேற்றி, சேற்றை அள்ளி, வரப்புக் கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை இறுகாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். உப்பில் மண் ஏறிவிடும். பிறகு கடல்நீரை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்ச வேண்டும். கடல்நீரின் அடர்த்தி தொடக்கத்தில் சுமார் 3 டிகிரி. அது ஏறிக்கொண்டே வந்து 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் ஜிப்சம் படிந்து பிரிந்துவிடும். அளவு மீறி 29, 30 என்று போய்விட்டால் கசப்பு உப்புகள் கலந்துவிடும். அந்தக் கசப்பு நீரை நேரம் பார்த்து வெளியேற்ற வேண்டும். பட்டம் பெற்ற வேதியியலாளர் கருவி வைத்து அளப்பதை, பாத்தியில் முப்பது ஆண்டு நின்றவர் நீரின் நிறத்தையும் நுரையையும் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் 'கைத்திறனற்ற தொழிலாளி'.

விளைந்த உப்பை வாருபலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். சுமப்பவர்களில் பெண்களே அதிகம். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தி கண்ணைக் கூசும் என்பதால் வேலை பின்னிரவிலேயே தொடங்கிவிடுகிறது. கால் வெடிப்பில் உப்பு ஏறி ஆறாத புண்ணாகும். பார்வை மங்கும். ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லாத பரந்த வெளி அது; அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதன் விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. கழிப்பறை, நிழற்கொட்டகை, குடிநீர், ரப்பர் காலணி, கண்ணாடி ஆகியவை உப்பளங்களில் புதிய கோரிக்கைகள் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய கோரிக்கைகள்.

நெல்லுக்குச் சமமாக இருந்த உப்பு

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு உமணரைத் தெரிந்திருக்கும். சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போகும் வணிகர்கள் அவர்கள். உப்பைக் கொடுத்து நெல்லைச் சரிக்குச் சரியாக மாற்றிக்கொண்ட செய்தி அப்பாடல்களிலேயே இருக்கிறது. நெய்தல் நிலத்தின் உப்பும் மருத நிலத்தின் நெல்லும் ஒரே தட்டில் நின்ற காலம் அது. இன்று சந்தையில் உப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். பைக்குள் இருக்கும் உப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் ஆலைக்கு, அயோடினுக்கு, பைக்கு, லாரிக்கு, விளம்பரத்துக்கு, கடைக்காரருக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது. பாத்திக்கு வந்து சேருவது கடைசித் துளி, காவிரியின் கடைமடைத் தண்ணீரைப் போல.

இந்த உப்புக்காக ஒரு போராட்டமும் நடந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யம் வந்தார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியன்பள்ளியில் சட்டத்தை மீறி உப்பெடுத்தார்கள். ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் ஏற்பாடுகளைக் கவனித்தவர் சர்தார் வேதரத்தினம். தொண்டர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் மிரட்டிய பிறகும் வழியெங்கும் மக்கள் உணவு கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோயில்களுக்குள் போவதில்லை என்று அந்த யாத்திரையினர் நடந்துகொண்டதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் போராட்டத்தில் நாம் அதிகம் பேசாத ஒருவர் வைரப்பன். சவரத் தொழிலாளி. தம்மிடம் சவரம் செய்துகொள்ள வந்து உட்கார்ந்தவர் சத்தியாகிரகிகளை அடக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு நிறுத்திவிட்டார். எவ்வளவு மிரட்டியும் மீதியைச் செய்ய மறுத்து, சிறைக்குப் போனார். குலத்தொழில் என்று சுமத்தப்பட்ட கத்தியையே ஒத்துழையாமையின் கருவியாக மாற்றிய மனிதர் அவர். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அகஸ்தியன்பள்ளி நினைவிடத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள் அந்தத் தூணையும் காட்ட வேண்டும்.

1931 மார்ச்சில் காந்தி – இர்வின் உடன்பாடு வந்தது. உப்பு விளையும் பகுதி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பெடுத்துக்கொள்ள அதில் வழி பிறந்தது. 1947இல் உப்பு வரியே போய்விட்டது. வரி ஒழிந்தது, பாத்தி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. உப்பளங்களில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத் துறை நிலம், ஒரு பகுதி தனியார் நிலம். அரசு நிலம் குத்தகைக்குப் போகும்போது முதலீடு உள்ளவர், வைப்புத்தொகை கட்ட முடிந்தவர், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் பெயருக்குப் போயிற்று. மூன்று தலைமுறையாக அதே பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தியவரின் பெயருக்குப் போகவில்லை. பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர்கள் உப்பளத்தில் கூலியாளானார்கள். தொழில் மாறியது, நிலமின்மை மாறவில்லை.

முல்லையும் மீனும்

தொல்காப்பியம் படித்தவர்களுக்கு முல்லை என்றால் காடு, நெய்தல் என்றால் கடல். வேதாரண்யத்தில் இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், ஆதனூர் பக்கம் மணல் நிலங்களில் விளையும் முல்லைப் பூ வெளி மாவட்டங்களுக்கும் போகிறது. பூவின் கணக்கு நேரக் கணக்கு. மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் விலை. அதனால் பறிப்பவர்களுக்கு விடியற்காலைத் தூக்கம் கிடையாது. கூலி எடைக்கு. ஒரு கிலோவுக்கு எத்தனை ஆயிரம் மொட்டு என்று பறித்தவர்களுக்குத்தான் தெரியும். முகூர்த்த நாளில் பூ விலை ஏறும்; பறிகூலி அதே வேகத்தில் ஏறாது. மழையில் பூ வீணானால் விலையும் இல்லை, கூலியும் இல்லை.

மாவும் முந்திரியும் இப்படித்தான். காய் பறிக்க, சுமக்க, கொட்டை உடைக்க ஆள் வேண்டும். மரம் இருப்பவர் ஒருவர்; மரத்தில் ஏறுபவர் இன்னொருவர்.

கடற்கரையில் ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், கோடியக்கரை என மீனவ ஊர்கள். கோடியக்கரையில் ஐப்பசிக்கு மேல் சில மாதங்கள் வெளியூர் மீனவர்களும் வந்து குடில் போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தி இந்தப் பக்க ஊர்களுக்குப் புதிதல்ல. மீனவர்களின் துயரம் பெரியது. நாம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கரையில் மீன் தரம் பிரிக்க, ஐஸ் உடைக்க, கருவாடு காயவைக்க, கூடை சுமந்து உள்ளூர் தெருக்களில் விற்க வரும் தலித் பெண்கள் எந்தக் கணக்கிலும் மீன்பிடித் தொழிலாளர் ஆவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு, அது நியாயம். அதே 61 நாளில் கரை வேலை இழப்பவருக்கும் ஏதாவது உண்டா?

அடுப்பு அணையும் மாதங்கள்

ஐப்பசி பிறந்ததும் உப்பளம் படுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஊருக்குச் சந்தோஷம். உப்பளக் குடும்பத்துக்கு அது வேலையில்லாத காலத்தின் தொடக்கம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை உறுதியாக வேலை இல்லை. மழை தள்ளிப்போனால் ஜனவரியும் சேரும். இந்த மாதங்களில்தான் முன்பணம் வாங்கப்படுகிறது. ஐப்பசியில் வாங்கிய முன்பணம் அடுத்த ஆண்டு முழுக்கக் கூலியில் கழியும். எந்த முதலாளியிடம் வேலை செய்வது, என்ன கூலிக்குச் செய்வது என்று பேரம் பேசும் வாய் அந்த முன்பணத்தோடு அடைபட்டுவிடும்.

இதற்கு ஒரு சிறு மாற்றம் வந்தது. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்து 2022 முதல் வழங்கத் தொடங்கியது. மாநில அரசின் உப்பு நிறுவனம் 'நெய்தல்' என்ற பெயரில் உப்பையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொகை சிறியதுதான். ஆனாலும், உப்பளத் தொழிலாளி என்றொரு ஆள் இருக்கிறார், மழைக்காலத்தில் அவருக்கும் பசிக்கும் என்று அரசு ஏட்டில் எழுதப்பட்டது பெரிது. சிக்கல் பட்டியலில் இருக்கிறது. இன்று ஓர் அளத்தில், நாளை இன்னோர் அளத்தில், மறுநாள் லாரி ஏற்றும் இடத்தில் என்று வேலை செய்யும் பெண்ணுக்கு 'இவர் எங்கள் தொழிலாளி' என்று எழுதிக் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பசியும் இல்லை என்று ஏடு முடிவு செய்துவிடுகிறது.

புயலுக்குப் பின் எழுதப்படும் கணக்கு

இனி நாம் தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தமிழகத்தில் அதிக உயிரிழப்பு இங்கேதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அழுகிய உடல்களை அள்ளி அடக்கம் செய்ய வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியில்கூடத் தீட்டுப் பார்க்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. இவையெல்லாம் நமக்குத் தெரியும். நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்று இழப்புப் படிவம் அச்சடிக்கப்பட்டபோது அதில் படகு இருந்தது, வலை இருந்தது, இயந்திரம் இருந்தது, வீடு இருந்தது. படகும் வலையும் இல்லாமல் அந்தக் கடற்கரையை நம்பி வாழ்ந்தவருக்கு அந்தப் படிவத்தில் எழுத ஒன்றும் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை, மா, முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. கோடியக்காட்டில் மரங்கள் முறிந்தன. வனவிலங்குகள் செத்து ஒதுங்கின. உப்பளங்களில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பு அம்பாரங்கள் கரைந்தன. அரசு கணக்கெடுத்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று 1,100 ரூபாய் அறிவித்தது. அந்தத் தொகை போதாது என்று தென்னை விவசாயிகள் போராடினார்கள். அவர்கள் போராட்டம் சரிதான். ஒரு தென்னையை வளர்த்து ஆளாக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நூறு தென்னை இருந்த தோப்பில் மாதம் தவறாமல் காய் பறித்தவர் ஒருவர் இருந்தார். மட்டை முடைந்தவர் ஒருவர் இருந்தார். நார் உரித்தவர் ஒருவர் இருந்தார். தோப்பு விழுந்தபோது அவர்களுடைய அடுத்த ஆறேழு ஆண்டு வேலையும் சேர்ந்து விழுந்தது. புதுக்கன்று வைத்துக் காய்க்கும்வரை அந்த வேலை வராது. மரத்துக்கு விலை வைத்த ஏடு அந்த வேலைநாளுக்கு விலை வைக்கவில்லை. குடும்ப அட்டைக்கு நிவாரணப் பொருள் வந்தது, குடிசைக்கு ஒரு தொகை வந்தது. இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது இடருக்கான உதவி. தோப்புக்காரருக்குக் கிடைத்தது இழப்பீடு. உதவிக்கும் இழப்பீட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. உதவி இரக்கத்தால் வருவது. இழப்பீடு உரிமையால் வருவது. உடைமை உள்ளவருக்கே இழப்பு உண்டு என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எல்லாப் படிவங்களும் அந்த விதிப்படியே அச்சாகின்றன. நாகை மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். அப்படியானால் அந்தப் படிவம் யாரை விட்டுவிடுகிறது என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

இந்தச் சதுரத்தைத் தாண்டிய முன்மாதிரியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இங்கே வந்து வேலை செய்தார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலத்தைப் பேசி வாங்கி, நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தது. கடலோரத்தை இறால் பண்ணைகள் விழுங்கியபோது ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேலை இழந்த தொழிலாளர்களுக்கும் இழப்பீடு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பெண்ணின் பெயரில் பட்டா சாத்தியம் என்பதும், வேலைநாளுக்கும் இழப்பீடு சாத்தியம் என்பதும் இந்த மண்ணிலேயே காட்டப்பட்ட உண்மைகள்.

சிலை உடைந்த ஊர்

வேதாரண்யத்தைப் பற்றி எழுதும்போது 2019 ஆகஸ்ட் 25ஐத் தாண்டிப் போக முடியாது. இரு தரப்பு மோதலைத் தொடர்ந்து நகரின் நடுவே நின்ற அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. உடைக்கும் காட்சி நாடு முழுக்கக் காணொளியாகப் பரவியது. அரசு உடனடியாகப் புதிய சிலையை வைத்தது. சிலை ஒரே நாளில் வந்துவிட்டது. சிலை உடைந்ததற்கான காரணம் அப்படி ஒரே நாளில் போகாது.

கூலிக்கு மட்டுமே ஆள் வேண்டும், தெருவில் சமமாக நிற்க ஆள் வேண்டாம் என்ற எண்ணம்தான் அந்தக் காரணம். அப்பர் பாடித் திறந்ததாகவும் சம்பந்தர் பாடி அடைத்ததாகவும் சொல்லப்படும் கதவு இந்த ஊர்க் கோயிலில்தான் இருக்கிறது. பாட்டுக்குத் திறந்த கதவுகள் நமக்குத் திறப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. 1939இல் ஒரு சட்டம், 1947இல் இன்னொரு சட்டம். கோயிலுக்குச் சட்டம் செய்த வேலையை உப்பளத்துக்கும் சட்டம் செய்ய வேண்டும்.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, இயற்கை இடர் இழப்புப் படிவத்தில் 'இழந்த வேலைநாட்கள்' என்ற பத்தி வேண்டும். உப்பளம், தோப்பு, பூந்தோட்டம், மீன்கரை ஆகிய நான்கு இடங்களின் கூலித் தொழிலாளர் பட்டியலும் ஊராட்சியிலும் நகராட்சி வார்டிலும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். புயல் அடித்த பிறகு பட்டியல் எடுத்தால் அதில் செல்வாக்குள்ளவர் பெயர்தான் இருக்கும்.

இரண்டாவது, மழைக்கால நிவாரணப் பட்டியலுக்கு முதலாளியின் கடிதம் தேவையில்லாமல், கிராமசபையின் அல்லது வார்டு சபையின் ஒப்புதலே போதுமானதாக வேண்டும். தொகை மூன்று மாதக் கூலியோடு ஒப்பிடத்தக்கதாக உயர வேண்டும்.

மூன்றாவது, அரசுக்குச் சொந்தமான உப்பு நிலங்களின் குத்தகை புதுப்பிக்கப்படும்போது, அதே அளத்தில் வேலை செய்யும் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் முன்னுரிமை வேண்டும். வங்கிக் கடனும் அரசு கொள்முதலும் அதோடு சேர வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு அளத்திலும் குடிநீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை. இவை இருந்தால்தான் உரிமம் என்று விதி வர வேண்டும்.

இவை அரசிடம் கேட்பவை. நாமே செய்யக்கூடியவையும் உண்டு. உப்பளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய வேண்டும். பதிந்ததை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். கல்வி உதவி, ஓய்வூதியம், விபத்து நிவாரணம் எல்லாம் அந்தப் பதிவைப் பிடித்துத்தான் வரும். உப்பளத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசு தனியே நிர்ணயித்து அறிவிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, காலனிப் பொதுச்சுவரில் எழுதிவைக்க வேண்டும். சுவரில் எழுதிய எண்ணைக் கூலி கொடுப்பவரும் படிப்பார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி அகலப்பாதையில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலில் நாகை, திருவாரூர் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளில் பலருடைய அம்மா, பாட்டி உப்பளத்தில் நின்றவர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் உப்பளத் தொழிலாளர்கள், ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை, மழைக்காலத்தில் எவ்வளவு முன்பணம், கஜாவில் எத்தனை நாள் வேலை போயிற்று, யாருக்கு நலவாரிய அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லும்போது பொறுமையாகக் கேளுங்கள்; ஆண்டு தெரியாவிட்டால் எந்தப் புயலுக்கு முன், எந்தப் புயலுக்குப் பின் என்று கேளுங்கள். எழுதியதைக் கிராமசபையில் வாசியுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அடுத்த புயல் எப்போது வரும் என்று வானிலை மையம் சொல்லும். அது வந்து போன பிறகு அதிகாரிகள் படிவத்தோடு வருவார்கள். எத்தனை மரம், எத்தனை படகு, எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள். அப்போது நம் காலனியிலிருந்து ஒரு பிள்ளை அந்த நோட்டை நீட்டி, எங்கள் தெருவில் இத்தனை பேருக்கு இத்தனை வேலைநாள் போயிற்று, இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்ல வேண்டும்.